பச்சை வரும் வரை

ஸ்காலா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புராஜெக்டைத் திறப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, அக்கா. ஐடிஇ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நாங்கள் புரோகிராம் எழுதுகிற இடம் அது. மேசை, பேனா, தோளுக்குப் பின்னால் நின்று தப்புக் கண்டுபிடிக்கிற மாமனார் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். அதற்கு ஸ்காலா புரிய, பிளகின் என்று ஓர் ஒட்டுத்துண்டைச் சேர்க்க வேண்டும். புராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். ஸ்காலா ஜாவா மேல்தான் ஓடும்; எந்த எண் ஜாவா என்று கேட்கும், சொல்ல வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். திரையின் அடியில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து வலது ஓரம் போய்ச் சேரும். சேர்ந்ததும் ஒரு பச்சை டிக் விழும். அவ்வளவுதான்.

நீங்கள் இதைக் கேட்க வரவில்லை என்று தெரியும். தம்பியின் பெட்டியை எடுத்துப்போக வந்ததாக வார்டனிடம் சொன்னீர்களாம். என்னிடம் கேட்டது வேறு. போன மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது அவன் போனை எடுத்து, 'கிளம்பிட்டான்' என்று சொன்னது நான்தானா. அப்படிச் சொல்லச் சொன்னது அவனா. நியாயமான கேள்வி. சொல்கிறேன். ஆனால் அந்தக் கோடு ஊர்வதைப் பற்றித் தெரியாமல் பதில் புரியாது. அந்த நாற்காலியில் உட்காருங்கள். மற்றதெல்லாம் கால் ஆடும்.

எங்கள் துறைத் தலைவர் எங்கேயோ ஒரு கருத்தரங்கில் சாப்பிட்டுவிட்டு வந்து, இனிமேல் எல்லோரும் ஸ்காலாதான் என்றார். அதற்கு முந்தைய வருடம் வேறொரு மொழி. அதற்கும் முந்தி இன்னொன்று. எல்லாக் கருத்தரங்கிலும் சாப்பாடு நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது என்பது கடைசி வரை வெளியே தெரியவில்லை. ஏனென்றால் புராஜெக்டைத் திறக்கவே அவர்களால் முடியவில்லை. ஜாவாவின் எண் ஒன்று மாறினால் போதும், திரை முழுக்கச் சிவப்புக் கோடு. ஏதோ கொலை நடந்த மாதிரி இருக்கும்.

எனக்கு அது கைவந்தது. ஏன் என்று கேட்டால், உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் இருந்தது. மற்றவர்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள்.

எனக்கு எதிரிகள் என்று யாரும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். எதிரி இருந்தால் நம்மைப் பற்றி எங்கேயோ ஒருவர் நினைக்கிறார் என்று அர்த்தம். லீவு விட்டால் நான் அப்பா வீட்டில் இருப்பதாக அம்மா நினைத்துக்கொள்வாள். அம்மா வீட்டில் இருப்பதாக அப்பா நினைத்துக்கொள்வார். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் இந்த ஏற்பாடு இதுவரை ஒரு சிக்கலும் இல்லாமல் நடக்கிறது. நான் ஹாஸ்டலில் இருப்பேன். வார்டன் என்னைப் பார்த்தால் விளக்கை அணைக்கச் சொல்வார். லீவு நாளில் அதுதான் பேச்சு.

ஸ்காலா வந்த பிறகு எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. சாவி. "சாவி, கொஞ்சம் வாயேன்", "சாவி, என்னோடது படுத்துருச்சுடா" என்று லேப்டாப்பைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். நான் நாலு இடத்தில் தட்டுவேன். கோடு ஊர ஆரம்பிக்கும். அது ஊரும்போது யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அக்கா. எழுந்து போகவும் மனசு வராது, எந்த நேரமும் முடிந்துவிடலாமே. அப்போது மனிதர்கள் பேசுவார்கள். ஒருவன் தன் அண்ணனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொன்னான். ஒருத்தி தனக்கு நீச்சல் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியாது என்றாள். பச்சை விழுந்ததும், "தேங்க்ஸ்டா சாவி." அதோடு சரி. மறுநாள் படிக்கட்டில் பார்த்தால் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சுவர் மேல் அவர்களுக்குக் கோபமா என்ன.

இதில் ஒன்றைக் கவனித்தேன். யாருடைய புராஜெக்ட் சட்டென்று திறந்ததோ, அவர்கள் என் ஊர்கூடக் கேட்கவில்லை. யாருடையது இழுத்ததோ, அவர்கள் கேட்டார்கள்.

அதனால் கொஞ்சம் இழுக்க வைத்தேன்.

முதலில் சின்னதாகத்தான். ஜாவாவின் எண்ணை ஒன்று கூட்டி வைப்பது, பிறகு கண்டுபிடித்தது போலக் குறைப்பது. அது சீக்கிரம் எல்லோருக்கும் பழகிவிட்டது. பிறகு நான் வேறொரு இடத்துக்குப் போனேன். ஸ்காலா புராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது வேறு யாரோ எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளை, எங்கிருந்து இறக்குவது என்று சொல்கிற ஒரு சின்ன ஃபைல் உண்டு. அது புராஜெக்டுக்குள் இருக்காது, ஐடிஇக்குள்ளும் இருக்காது. லேப்டாப்பின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர் ஒன்றில் இருக்கும். அதில் முதல் வரியாக ஒரு முகவரியைச் சேர்த்தேன். அந்த முகவரியில் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு லைப்ரரிக்கும் முதலில் அங்கே போய்க் கதவைத் தட்டும். பதில் வருமா என்று நிற்கும். வராது என்று தெரிந்த பிறகு அடுத்த இடத்துக்குப் போகும். அடுத்த லைப்ரரிக்கு மறுபடி முதலிலிருந்து. புத்தி வராது.

நான் எழுதியதிலேயே பிழையில்லாமல் ஓடிய புரோகிராம் அந்த ஒரு வரிதான்.

பையன்கள் புராஜெக்டை அழித்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். ஐடிஇயையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள். வரி இருக்கிற இடத்தில் இருக்கும். கடைசியில் நாற்காலியை இழுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். ஐடிஇயைத் திட்டினார்கள், ஹாஸ்டல் நெட்டைத் திட்டினார்கள், தலைவரை விடாமல் திட்டினார்கள். என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

உங்கள் தம்பி அப்படித்தான் வந்தான். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ, இங்கே அவன் ஒட்டகம். கழுத்தும் ஒரு காரணம், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது இன்னொரு காரணம். முதல் நாளே, கோடு பாதியில் நிற்கும்போது திரும்பிக் கேட்டான்.

"நீ சாப்டியா?"

"ஏன்?"

"சும்மாதான்டா. சாப்டியான்னா ஏன்னு கேக்குற மொத ஆள் நீதான்."

அவனுக்குப் பச்சை விழுந்த பிறகும் அவன் எழுந்து போகவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்த கதையை முடித்துவிட்டுத்தான் போனான். வகுப்பிலேயே அப்படிச் செய்தவன் அவன் ஒருவன்தான். இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். இருந்தாலும் அவன் லேப்டாப்பில் அந்த வரியை வைத்தேன். நிச்சயமாக வருவான் என்று தெரிவது வேறு, வரக்கூடும் என்று இருப்பது வேறு இல்லையா.

அந்த செமஸ்டர் முழுக்க, அவன் சொன்ன கதைகள் வழியாக, நான் உங்கள் வீட்டில்தான் குடியிருந்தேன் என்று சொல்லலாம். உங்களுக்குக் கோபம் வந்தால் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவீர்கள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை துவட்டிவிட்டது நீங்கள்தான். அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். போனில், எப்படியிருக்கிறாய் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, "மேலயா, கீழயா?" என்பார். இவன், "நடுவுல நிக்குதுப்பா" என்பான். அவர் சிரித்துவிட்டுப் போனை உங்களிடம் கொடுத்துவிடுவார். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தபோது, "யாருடா அங்க மூச்சு விடுறது?" என்று கேட்டார். "சாவிப்பா" என்றான். "மேலயா, கீழயான்னு கேளு" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க யோசித்து ஒரு நல்ல பதில் வைத்திருந்தேன். மறுபடி அவர் கேட்கவில்லை.

இனி அந்த நாள்.

செமஸ்டர் கடைசி நாளில் எங்கள் துறைக்கு ஒரு விதி உண்டு. போன வருடம் ஒருவன், பச்சை டிக் விழுந்த திரையை ஃபோட்டோ எடுத்து, திரை முழுக்க அதையே பரப்பி வைத்து, வருடம் முழுக்க பாஸ் ஆகிக்கொண்டிருந்தான். மவுஸ் அசையவில்லை என்பதைத் தலைவர் கண்டுபிடிக்க இரண்டு செமஸ்டர் பிடித்தது. அதிலிருந்து, எல்லோரும் கடைசி நாளில் லேபுக்கு வந்து, புராஜெக்டைச் சர்வரிலிருந்து புதிதாக எடுத்து, முதலிலிருந்து திறந்து காட்ட வேண்டும். பச்சை விழுவதை லேப் அண்ணன் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அது இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டர் கிடையாது.

காலையில் நீங்கள் முதல் தடவை கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "அப்பாவுக்கு லேசா மூச்சுத் திணறல்டா. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். பயப்படாத. கையெழுத்த வாங்கிட்டு மத்தியான பஸ்ஸப் பிடி" என்றீர்கள். பயப்படாதே என்று சொன்னவர் நீங்கள்தான். குற்றமாகச் சொல்லவில்லை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "சாவி, எப்படியாச்சும் சீக்கிரம் முடிச்சுக் குடுடா" என்றான். அந்த வரியை எடுத்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பச்சை விழுந்திருக்கும். எடுக்கத்தான் போனேன். ஃபோல்டர் வரைக்கும் போய்விட்டேன். அப்போதுதான் லேபைத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொருவராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். சக்கரச் சத்தம் படிக்கட்டில் இறங்கி, வெளியே தரையில் ஓடி, நின்றுபோகும். பிறகு அடுத்த பெட்டி. லீவு முடியும் வரை இந்த ஹாஸ்டலில் நானும் வார்டனும் விளக்கும்தான். இன்று ஒரு நாள், மத்தியானம் வரை, அவன் பக்கத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. லேசான மூச்சுத் திணறல்தானே. ஃபோல்டரை மூடினேன்.

கோடு ஊர்ந்தது. அவன் பேசினான். பயத்தில் இருக்கிறவர்கள் நன்றாகப் பேசுவார்கள். அப்பா அவனைச் சின்ன வயதில் லிஃப்ட் கூரை மேல் உட்கார வைத்து ஏழு மாடி கூட்டிப்போனதையும், நீங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கியதையும் சொன்னான். இவ்வளவு நெருக்கமாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

மத்தியானம் லேபில் நாங்கள் இருவரும் லேப் அண்ணனும் மட்டும். அவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார்.

"இது இன்னைக்கு ஆகாதுப்பா. நீ கிளம்பு. தலைவர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

"கையெழுத்துண்ணே?"

"போட்டுத் தரேன். அப்பாவ விடவா இந்தப் பச்சை?"

நல்ல மனிதர். ஒட்டகம் பையை எடுத்துத் தோளில்கூடப் போட்டுவிட்டான். நான் அவன் காதோரம் சொன்னேன்: "பாக்காம கையெழுத்துப் போட்டார்னு தெரிஞ்சா அவர் வேலை போயிரும்டா. பிள்ளகுட்டிக்காரர். இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சிரும்." அவன் பையை இறக்கி வைத்தான். உங்கள் தம்பி அப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதைச் சொன்னேன். "வேணாம்ணே, முடிச்சுட்டே போறேன்" என்றான். அண்ணன் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெளியே போனார்.

அவன் தண்ணீர் பிடிக்கப் போனான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து, எல்லோரும் போய்விட்டதால் நெட் சும்மா இருந்தது போல, கோடு விறுவிறுவென்று ஓடிப் பச்சை விழுந்துவிட்டது. என் வரியையும் மீறி. அவன் வந்து பார்த்தால் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடியிருப்பான். பஸ்ஸும் கிடைத்திருக்கும்.

ஐடிஇயில் ஒரு வசதி உண்டு. இதுவரை சேர்த்து வைத்ததை எல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்லலாம். சொன்னேன். இறக்கி வைத்திருந்த லைப்ரரிகளையும் அழித்தேன். கோடு இடது ஓரத்துக்குப் போய் நின்றது. அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். இருந்தாலும் நான் கேட்டேன் என்பதற்காகச் சொல்கிறேன். "யாருப்பா நீ, ஃப்ரெண்டா? தம்பி, அவன உடனே கிளம்பச் சொல்லுப்பா. ராத்திரி தாண்டுறது கஷ்டங்குறாங்க. அவன் எங்கன்னே அப்பா கேட்டுக்கிட்டிருக்காரு." நான், "சரிக்கா, சொல்றேன்" என்றேன். அழைப்பு வந்த தடயத்தைப் போனிலிருந்து எடுத்தேன். அவன் வந்தான். "யாராச்சும் கூப்டாங்களா?" என்றான். இல்லை என்றேன். "மறுபடி மொதல்லருந்தா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டான். ஆமாம் என்றேன். உட்கார்ந்தான்.

நீங்கள் மறுபடி கூப்பிட்டது அவன் முகம் கழுவப் போயிருந்தபோது. "கிளம்பிட்டானா?" என்றீர்கள். "கிளம்பிட்டான்க்கா. அவசரத்துல போன வச்சுட்டுப் போயிட்டான்" என்றேன். இதை முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை, வாயில் தானாக வந்தது. இனி நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். இந்த அழைப்பின் தடயத்தையும் எடுத்துவிட்டு, நெட்வொர்க் எடுக்காதபடி போனில் ஒரு பொத்தானையும் தட்டி வைத்தேன். நீங்கள் அப்பாவிடம் போய், தம்பி வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லியிருப்பீர்கள். ஆகவே அவர் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார். அந்த விதத்தில் பார்த்தால் நான் சொன்னது அவருக்கு நல்லதுதான்.

மத்தியான பஸ் போனது. வெளிச்சம் மங்குவதற்கு முன் அந்த வரியை எடுத்தேன். பச்சை விழுந்தது. லேப் அண்ணன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஒட்டகம் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லன்னா நான் செத்தேன்டா" என்றான். நான் போன் பொத்தானைப் பழையபடி மாற்றிக் கொடுத்தேன். ஓடும்போதே உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தான். நீங்கள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்திருப்பீர்கள். மாலை பஸ்ஸில் போய், விடிகிற நேரத்தில் வந்து இறங்கினான். மத்தியான பஸ் உங்கள் ஊருக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கும் என்றும், அப்பா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார் என்றும் பிற்பாடு அவன்தான் சொன்னான்.

அவன் கையில் போனோடு வந்து இறங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். போனை வைத்துவிட்டுப் போனவன் கையில் போன். வேண்டுமென்றே தங்கிவிட்டு, நண்பனை விட்டுப் பொய் சொல்ல வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டீர்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பாத்திரம் கழுவினீர்கள். அவன் தினமும் எனக்குப் போன் செய்வான். "அக்கா பேச மாட்டேங்குதுடா. ஏன்னும் சொல்ல மாட்டேங்குது. பச்சை வரட்டும்னு உக்காந்திருந்தேன் பாரு, அதான் போல" என்று அழுவான். "விடுடா, நான் இருக்கேன்ல" என்பேன். ஒரு மாதம், தினமும். பச்சைக்கும் கோட்டுக்கும் அங்கே வேலையே இல்லை. நானாக எதுவும் செய்யாமலே அவன் வந்துகொண்டிருந்தான்.

அப்படியானால் இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். போன வாரம் அவன் போனில், "நான் இனி அங்க வரலடா, அப்பா வேலையப் பாத்துக்குறேன்" என்றான். அதற்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை. கல்லூரி திறக்கப்போகிறது. நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அதோடு முடிந்தது. நீங்கள் அவனோடு பேசினால் அவன் தேறிவிடுவான். தேறினால் படிக்க வருவான். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. அவன் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் கூப்பிட்டதே அவனுக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. அப்பாவைப் பார்க்க விடாமல் அவனைப் பிடித்து வைத்தது நான். தெரிந்தேதான் செய்தேன். போனில் நீங்கள் அழுதது எனக்கு நன்றாகக் கேட்டது.

பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், அக்கா. வார்டனிடம் பேசி அவனை என் அறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். போனதும் அவனைக் கூப்பிட்டு, நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது போதும். மற்றதைச் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. பாவம், அப்பாவும் போய்விட்டார், இந்த ஊரில் என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.